கை படாத கலவை

"உருளைக்கிழங்கு வேக வைக்கிற பாத்திரத்த எடுத்துக்கட்டுமா, எடித்?" என்று ஹோல்கர் கேட்டார்.

"அதுல கைய வெக்காத. போன வாரம் கிழங்குல அரசர் மூஞ்சி ஒட்டியிருந்துச்சு," என்றேன். "அந்த நீல பேசின எடு."

நீல பேசினில் வெந்நீர் ஊற்றி முப்பத்தொரு தபால்தலைகளை, உறையிலிருந்து வெட்டிய தாளோடு, முகம் மேலே இருக்கும்படி மிதக்க விட்டார். அரை மணி நேரம் ஊறினால் பசை விட்டுவிடும். அதற்குள் சங்கக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "ஒம்பதுக்குள்ள வந்து நானே எடுத்துக்கிறேன். தண்ணிய கொட்டிடாத," என்றார்.

நான் கொட்டவில்லை. மறுநாள் மாலை, மருத்துவமனையிலிருந்து அவருடைய கோட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, முப்பத்தொன்றையும் நானே எடுத்துச் செய்தித்தாளில் உலர வைத்தேன். அது 1971 அக்டோபர்.

ஹோல்கர் எங்கள் ஊர்ப் பாலத்தைத் தூக்குகிறவர். கப்பல் வந்தால் தூக்குவார், போனால் இறக்குவார். நடுவில் நிறைய நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு தபால்தலையைத் தேடிக்கொண்டிருந்தார். அது நான் அவருக்கு எழுதிய கடிதத்தின் மேல் இருந்தது.

எங்கள் பக்கத்தில் லீப் வருடத்துப் பிப்ரவரி இருபத்தொன்பதில் ஒரு பெண் ஆணிடம் போய்க் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கலாம். மறுக்கிறவன் பன்னிரண்டு ஜோடி கையுறை வாங்கித் தர வேண்டும். இருபத்துநான்காம் தேதிதான் சரியான நாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் வேலை பார்க்கும் சரக்கு அலுவலகத்தில் இருபத்தொன்பதுதான் கணக்கு. 1960இல் நான் கடிதமாகவே கேட்டேன். மூன்றேகாலுக்கு அலுவலகத்திலிருந்து ஓடிப்போய் முனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது: "கையுறை வாங்குற அளவுக்கு வசதியில்ல. அதனால சரி."

கடிதத்தைப் பத்திரமாக வைத்த மனிதர், உறையின் மூலையை மட்டும் வெட்டி, பாலத்துக் காவல் அறையில் தொங்கிய மீனவர் விதவைகள் நிதிப் பெட்டியில் போட்டுவிட்டார். எல்லோரும் அப்படித்தான் போடுவோம். விதவைகள் நிதிக்காரர்கள் அவற்றையெல்லாம் கோணிப்பையில் அள்ளி, தரம் பிரிக்காத கலவையாகக் கிலோக் கணக்கில் விற்பார்கள். கல்யாணத்துக்கு மறுவாரம்தான் ஹோல்கருக்குத் தாம் செய்தது உறைத்தது. அன்றிலிருந்து கலவை வாங்க ஆரம்பித்தார். தேடும்போது கிடைத்ததையெல்லாம் வைத்து 1960க்கு ஓர் ஆல்பம் செய்தார். தபால் ஓடிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தலை, நடுவில் வட்டமாக விழுந்த தேதி முத்திரையோடு. பிப்ரவரி இருபத்தொன்பதுக்கு மட்டும் வெறும் கட்டம்.

"என் அலுவலகத்துப் பழைய கோப்புல தேடினா அந்தத் தேதில ஒண்ணு கிடைக்கும்," என்று ஒருமுறை சொன்னேன்.

"ஊரான் கடுதாசியோட தலை எனக்கெதுக்கு?" என்றார்.

கலவை வாங்க வேண்டுமானால் வடகரைத் தபால்தலைச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். நிதிக்காரர்களின் கோணிகளை எங்கள் ஊரில் அந்தச் சங்கம் மட்டும்தான் வாங்கும். கூட்டுறவுக் கடையின் மாடியில் மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை கூடுவார்கள். கோணியைப் பதினைந்து பைகளாகப் பிரித்து, சீட்டு எடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுப்பார்கள். வெளியில் வாங்குவது நான்காம் விதிப்படி துரோகம். ஹோல்கர் ஒருமுறை பக்கத்து ஊர்க் கடை ஜன்னலில் ஒரு கலவைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த கூட்டத்தில் எழுந்து அதைத் தாமாகவே ஒப்புக்கொண்டார். மன்னிப்புக்கு ஆதரவாக ஒன்பது ஓட்டு, எதிராக ஐந்து.

சங்கத்தின் பெருமை ஒன்பதாம் விதி. பைகளைக் கொடுக்கும் முன் மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். கை படாமைச் சோதனைக் குழுவின் ஐந்து பேரும் வெறும் வலது கையைத் தூக்கி, "இந்தக் கை இதைத் தொடவில்லை" என்று சொல்வார்கள். மற்ற ஊர்களில் சங்கத்துப் பெரியவர்கள் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை உறுப்பினர் தலையில் கட்டுவார்கள் என்றும், எங்கள் சங்கம் ஒன்றுதான் கன்னித்தன்மையோடு கலவையைத் தருகிறது என்றும் ஹோல்கர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

பதினோரு வருடம் அப்படி வாங்கினார். அந்த ஒரு தேதி மட்டும் வரவேயில்லை.

"லீப் நாள்ல ஜனங்க கடுதாசியே போடலையோ என்னவோ," என்பார்.

"நான் போட்டேனே."

"நீ ஒருத்திதான் போட்டிருப்ப. அதான் கிடைக்க மாட்டேங்குது."

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை மீன்கடை ஓவே என் சமையலறையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒம்பதாவது ஆளா எடுத்தாரு. ஏழுன்னு சீட்டு வந்துச்சு. 'ஏழு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. உக்காந்தாரு. தலைய மேசைல சாச்சாரு. நான் போன் பண்ண எழுந்தேன், எடித். 'உக்காருங்க ஓவே, இன்னும் ஆறு சீட்டு இருக்கு'ன்னாரு டாக்டர். விதி பதினொண்ணு. சீட்டு எடுக்கிறப்ப நடுவுல நிறுத்தக் கூடாது." தொப்பியைத் திருப்பினார். "நானும் உக்காந்துட்டேன்."

டாக்டர் என்றால் பல் டாக்டர். சங்கத் தலைவர் கோன்ராட் பியேரே. பத்தாவது சீட்டுக்கும் பதின்மூன்றாவது சீட்டுக்கும் நடுவில் அவர் எழுந்துபோய் ஹோல்கரின் நாடியைப் பார்த்துவிட்டு வந்தாராம். சீட்டெல்லாம் முடிந்து போன் செய்யப் பன்னிரண்டு நிமிடம். மருத்துவமனையில் இருந்த இளம் மருத்துவர் அந்த எண்ணைத் திரும்ப ஒருமுறை கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சங்கத்திலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. மறைந்த உறுப்பினருக்காக ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டதாகவும், நிகழ்ச்சி நிரல் நீண்டிருந்தபடியால் அது முப்பத்தைந்து வினாடியாகச் சுருக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். கூட்டக் குறிப்பின் நகலையும் இணைத்திருந்தார்கள். அதில் ஹோல்கர் பற்றி ஒரே வரி: "எண் 7 பெற்றவர் கையெழுத்திடாததால் பை வழங்கப்படவில்லை."

எனக்கு அந்தப் பை வேண்டும் என்று தோன்றியது. அவருடைய கடைசிப் பை. அதில் அது இருந்தால்?

பியேரேயின் மருத்துவமனைக்குப் போனேன். பல் நாற்காலியில்தான் உட்கார வைத்தார்.

"ஏழாம் பை பத்திரமா இருக்கு, திருமதி ராவ்ன். உங்க கணவர் வந்து கையெழுத்துப் போட்டா இந்த நிமிஷமே குடுத்துடுவேன்."

"அவர் இறந்துட்டார், டாக்டர்."

"அது எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா சங்கம் உணர்ச்சிக்குக் கட்டுப்பட முடியாது பாருங்க. அவர் சார்பா நீங்க வாங்கலாம். அதுக்கு அவர் எழுதிக் குடுத்த அதிகாரக் கடிதம் வேணும். இறந்த தேதிக்குப் பிந்தைய தேதி போட்டு. முந்தைய தேதின்னா அப்ப அவரே வந்திருக்கலாமேன்னு கேள்வி வரும்."

"வேற வழி இல்லையா?"

"உறுப்பினர் ஆகுங்க. காலஞ்சென்ற உறுப்பினரோட பைக்கு இன்னொரு உறுப்பினர் மனுப் போடலாம். பெண்களுக்குன்னு ஒரு பிரிவு வெச்சிருக்கோம். ரொம்ப முற்போக்கான சங்கம் நம்மளது." கைகழுவும் தொட்டியின் பக்கம் திரும்பினார். "காப்பி உறுப்பினர்."

காப்பி உறுப்பினராகச் சேர்ந்தேன். ஓட்டு கிடையாது, காப்பிக் குவளை உண்டு. மனுப் போட்டேன். அதைப் பரிசீலிக்க மூவர் குழு அமைத்தார்கள். அந்தக் குழு, மனுவில் 'பை' என்று இருக்கிறது, பதிவேட்டில் 'பொதி' என்று இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா என்று ஆராய இருவர் குழு அமைத்தது. அந்த இருவரில் ஒருவருக்கு முதுகுவலி. நவம்பர் போனது. டிசம்பரில், காப்பி உறுப்பினர் திங்கட்கிழமைகளிலும் வர வேண்டும் என்று செயலாளர் ட்ரோல்ஸ் ஹைன் சொன்னார். பியேரேயின் மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறையில் சோதனைக் குழு கூடுகிறதாம்.

ஹோல்கர் பதினோரு வருடத்தில் அந்த அறையைப் பார்த்ததில்லை. நான் இரண்டாம் மாதமே பார்த்துவிட்டேன்.

நீண்ட மேசையில் கோணி முழுவதையும் கொட்டியிருந்தார்கள். ஐந்து பேர், ஐந்து விளக்கு, ஐந்து பூதக்கண்ணாடி, ஐந்து இடுக்கி. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னத் தட்டு. செயலாளர் தட்டில் ரயில் முத்திரைகள். இன்னொருவர் தட்டில் கப்பல் தபால். நான் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

"நாளைக்குக் கை படாததுன்னு சொல்லப்போற கலவை இதுதானா, டாக்டர்?"

"இதேதான்," என்றார் பியேரே, தலையைத் தூக்காமல். "கை படாததுன்னு சான்று குடுக்கணும்னா பாத்தாகணும் இல்லையா? பாக்காம சான்று குடுக்கிறவன் மோசக்காரன். பாக்கணும்னா எடுத்தாகணும். எடுக்கிறது கையில்ல, கவனிங்க. இடுக்கி."

"தட்டுல இருக்கிறது?"

"அதெல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. அவ்வளவு நல்லது ஒரு பையில இருந்தா உறுப்பினர் என்ன நினைப்பார்? யாரோ கை வெச்சுதான் உள்ள போட்டிருக்கணும்னு சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் வரக் கூடாதுன்னு நாங்க அப்புறப்படுத்தறோம். இருபது வருஷமா ஒரு சங்கடமும் வந்ததில்ல. நாங்க சுமக்கிறது சாதாரணப் பாரமில்லம்மா. சர்க்கரை இன்னொண்ணு போடுங்க."

ஜனவரியில், லீப் வருடம் பிறந்த உற்சாகத்தில், பியேரே தம் சொந்த ஆல்பத்தைத் திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி. அந்தத் தேதி முத்திரை விழுந்தவற்றை மட்டும்தான் சேர்ப்பார். கோணியில் வரும் ஒவ்வொரு லீப் நாளும் இருபது வருடமாக அவர் தட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஜனங்கள் கடிதம் போடாமல் இல்லை.

1960ஆம் பக்கத்தைத் திருப்பினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் காப்பிக் குவளையோடு நின்றேன். மூன்றாவது வரிசையில் முப்பது ஊரே காசு மதிப்பில் ஒரு தலை, அரசர் படம். எங்கள் ஊர் முத்திரை. அரசரின் கன்னத்தில் ஊசிமுனைத் துளைகளாய் இரண்டு எழுத்து.

அந்தத் துளைகளை எனக்குத் தெரியும். வேலைக்காரர்கள் தலைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது என்று எங்கள் சரக்கு அலுவலகம் தன் முதலெழுத்துகளை எல்லாத் தலைகளிலும் குத்தி வைத்திருக்கும். நான் அன்றைக்கு ஒன்றைக் கொண்டுபோனேன். அவசரத்தில் வேறு அகப்படவில்லை. அலுவலகத்தில் அன்று ஊருக்குள் வேறு எந்தக் கடிதமும் போகவில்லை. அனுப்பும் பதிவேட்டை எழுதியவள் நான். ஹோல்கர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கூட்டத்திலும் தாம் தேடும் தேதியைச் சொல்லுவார். துளைகளைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. என் மானத்துக்காக.

தலைக்குக் கீழே பியேரே பென்சிலால் எழுதியிருந்தார்: கிடைத்தது 1963. எட்டு வருடம் அதை வைத்துக்கொண்டு, ஹோல்கரின் தோளில் தட்டி, "பொறுமை, ராவ்ன். கலவைன்னா பொறுமை," என்று சொல்லியிருக்கிறார்.

"டாக்டர், அது என் கடிதத்துத் தலை," என்றேன். "அதத்தான் அவர் தேடினார்."

"ஊர்ல அன்னிக்கு ஆயிரம் பேர் கடிதம் போட்டிருப்பாங்க."

"அந்தத் துளை எங்க அலுவலகத்தோடது."

பியேரே இடுக்கியை வைத்தார். சந்தோஷமாக இருந்தார்.

"அப்போ அலுவலகச் சொத்தைத் திருடியிருக்கீங்க. திருடின பொருளுக்குத் திருடினவங்க உரிமை கொண்டாட முடியுமா, ஹைன்?"

"முடியாது," என்றார் செயலாளர்.

"இன்னொண்ணு. இது கோணியிலேருந்து வந்ததுன்னு நீங்க சொன்னா, கோணியில கை பட்டிருக்குன்னு ஆகுது. நம்ம கோணியில கை படறதில்ல. அஞ்சு பேர் மாசா மாசம் சத்தியம் பண்றோம். அதனால இது கோணியிலேருந்து வரல. கோணியிலேருந்து வரலைன்னா உங்க கணவருக்கு இதுல சம்பந்தமே இல்ல." ஆல்பத்தை மூடினார். "ஆறிப் போச்சு, வேற காப்பி கொண்டாங்க."

வேறு காப்பி கொண்டுவந்தேன்.

அந்த வாரமே ஏழாம் பை எனக்கு அனுமதிக்கப்பட்டது. என்ன இருக்கப்போகிறது என்று தெரிந்தும் பிரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு தலைகள். நல்லதாக ஒன்றுகூட இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லாத பை.

சரக்குச் சீட்டு எழுத எங்கள் அலுவலகத்தில் ஒரு பென்சில் உண்டு. காய்ந்திருக்கும்போது அதன் எழுத்து சாம்பல் நிறம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஈரம் பட்டால் ஊதா. தோலில் பட்டால் சோப்பு, மண்ணெண்ணெய், சபித்தல் எதற்கும் போகாது. சேர்ந்த புதிதில் நான் அதன் முனையை நாக்கில் நனைத்து எழுதிவிட்டு, ஊதா உதடுகளோடு இரண்டு வாரம் தேவாலயத்துக்குப் போனேன்.

ஒரு டஜன் பென்சில்களைப் பிளந்து உள்ளிருந்ததைக் காப்பிக் கொட்டை அரைக்கும் கருவியில் அரைத்தேன். பழைய கோப்புகளிலிருந்து 1964, 1968 லீப் நாள் முத்திரைகளைத் துளை இல்லாத உறைகளாகப் பார்த்து வெட்டினேன். ஹோல்கரிடம் இரட்டையாக இருந்த ரயில் முத்திரைகளையும் கப்பல் தபாலையும் எடுத்தேன். எல்லாவற்றையும் ஊறவைத்துப் பிரித்து, உலர்த்தி, பின்னால் பொடியைத் தடவி, ஓரங்களில் மட்டும் மாவுப் பசை தொட்டு, திரும்ப அதே தாள்களில் ஒட்டினேன். அறுபது தலைகள். ஹோல்கர் இருந்திருந்தால் இரட்டைகளுக்காக வருத்தப்பட்டிருப்பார். பிறகு, வேலை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

அவற்றை ஏழாம் பையின் நானூற்றுப் பன்னிரண்டோடும், அலுவலகத்தில் கிடைத்த மூன்று கிலோவோடும் கலந்து, "ஹோல்கர் ராவ்ன் நினைவுக் கலவை" என்று எழுதிச் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன். பியேரே கண் கலங்கினார். தம் பிறந்தநாளான இருபத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை அதைப் பிரித்துக் கொடுப்பதாக அறிவித்தார். திங்கட்கிழமை சோதனைக் குழு வழக்கத்தைவிட அதிக நேரம் உழைத்தது. தட்டுகள் நிரம்பின. இடுக்கி எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றிரவு வீட்டில் ஊறவைத்த தலையைத் தாளிலிருந்து உரிக்க இடுக்கி உதவாது. அதற்கு விரல் வேண்டும். அது தபால்தலை சேர்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கூட்டுறவுக் கடை மாடியில் ஐந்து பேரும் கையுறையோடு வந்தார்கள்.

"குளிர்," என்றார் பியேரே. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் மேசைமேல் லீப் நாள் ஆல்பம் இருந்தது. பிறந்தநாள் என்பதால் எல்லோருக்கும் காட்டக் கொண்டுவந்திருந்தார்.

மணி அடித்தது. எல்லோரும் எழுந்தோம். ஐந்து கையுறைகள் மேலே போயின.

"கொஞ்சம் இருங்க டாக்டர்," என்றார் ஓவே. அவர் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. "விதி ஒம்பது. வெறுங்கை."

"அது விதியோட ஆவி, ஓவே. எழுத்து இல்ல."

"எழுத்துலயே இருக்கு. சுவத்துல மாட்டியிருக்கீங்க. உங்க தலைக்கு மேல."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். செயலாளர் கூடப் பார்த்தார்.

"நான் ஒரு தடவ விதிய மதிச்சு உக்காந்தவன், டாக்டர்," என்றார் ஓவே. "பன்னெண்டு நிமிஷம் உக்காந்திருந்தேன். இன்னிக்கு நீங்க மதிங்க. கழட்டுங்க."

ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். பிஷப்பின் அங்கிக்கு இருக்கும் ஊதா. செயலாளருக்கு மணிக்கட்டு வரை. பியேரேக்கு நகக்கண், ரேகை, மோதிரத்துக்கு அடியில் எல்லாம். நிறுத்தச் சொல்லி எந்த விதியும் இல்லாததால், ஐந்து பேரும் அந்தக் கைகளைத் தூக்கிக்கொண்டு, "இந்தக் கை இதைத் தொடவில்லை" என்று சொல்லி முடித்தார்கள்.

செயலாளர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"கூட்டக் குறிப்புல என்ன எழுதறது?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

"கைகள் தூக்கப்பட்டன," என்றார் பியேரே. "நிறத்தப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

நான் காப்பிக் குவளையை மேசையில் வைத்தேன்.

"டாக்டர், எனக்கு ஒண்ணு கேக்கணும்."

"காப்பி உறுப்பினருக்குக் கூட்டத்துல பேச உரிமை இல்ல, திருமதி ராவ்ன். இது நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

"நாள்காட்டில இருக்கு. இன்னிக்கு இருபத்தொம்பது. இன்னிக்குப் பொம்பள கேக்கலாம். ஆம்பள மாட்டேன்னா பன்னெண்டு ஜோடி கையுறை." மேசையில் கிடந்தவற்றைப் பார்த்தேன். "அஞ்சு ஜோடி ஏற்கெனவே கழட்டி வெச்சிருக்கீங்க. இன்னும் ஏழு எப்ப தர்றீங்க?"

முதலில் சிரித்தது ஓவே. பிறகு பின்வரிசை முழுவதும் சிரித்தது. பதினைந்து பேர் இருக்கும் சங்கத்தில் சிரிக்காதவர்கள் ஐந்து பேர். அவர்களை அடையாளம் காண்பது சுலபமாக இருந்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார் பியேரே.

"1960ஆம் பக்கம். மூணாவது வரிசை. எத்தனையாவதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். தம் கைகளைப் பார்த்தார். மறுநாள் காலை எட்டரைக்கு அவருக்கு முதல் நோயாளி. அந்த விரல்கள் எங்கெங்கே நுழைய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஆல்பத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்க, கையாலேயே அதை உருவிக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு வாரம் வடகரையில் பல்வலி குறைந்திருந்தது. மார்ச் கூட்டத்தில் பியேரே மறுபடியும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், எட்டுக்கு ஆறு. சோதனைக் குழு இனி ரப்பர் கையுறை அணிந்துதான் சோதிக்க வேண்டும் என்று ஒன்பதாம் விதிக்கு ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். ஓவேயும் நானும் விலகினோம். விலகல் கடிதத்தைப் பரிசீலிக்க ஒரு குழு இருக்கிறது என்று கேள்வி.

தலையை ஹோல்கரின் ஆல்பத்தில் அதன் கட்டத்தில் வைத்தேன். இடது ஓரத்தில் பியேரேயின் கட்டைவிரல் ஊதாவாகப் பதிந்திருக்கிறது, அது போகாது. முத்திரையில் படவில்லை. எங்கள் ஊர், 29.2.60, மணி 15–16. நான் மூன்றேகாலுக்குப் போட்டேன்.